முப்பது வயது யாருக்குத் திருவிழா?

“தொழிலாளி கதையைப் படமாக எடுத்தால் ஓடாது; ஜனங்கள் பார்க்க மாட்டார்கள்.” சினிமா முதலாளிகளும் அவர்களுக்குத் தாளம் போடும் பத்திரிகைகளும் காலங்காலமாக ஓதிவரும் மந்திரம் இது. இது பச்சைப் புளுகு.

இவர்கள் நமக்குக் காட்டும் சரக்கு என்ன? நண்பர்கள் சிலர் கூடுகிறார்கள். ஒருவனுக்கு முப்பது வயது முடிகிறது, இன்னொருவனுக்கு நாற்பது. ஐயோ, வாலிபம் போய்விட்டதே என்று கலங்குகிறார்கள். கலக்கம் தீரக் காரேறி ஊர் சுற்றுகிறார்கள். 2011-ல் வந்த ‘ஜிந்தகி நா மிலேகி தோபாரா’ என்ற இந்திப் படத்தில் மூன்று நண்பர்கள் ஸ்பெயின் தேசத்துக்கே போய்ச் சுற்றினார்கள். போகட்டும். வசதியுள்ளவன் கதையும் கதைதான். வயது ஏறுவதை எண்ணி மனிதன் கலங்குவதில் குற்றமில்லை. நம் கேள்வி ஒன்றுதான்: வயது அவனுக்கு மட்டும்தானா ஏறுகிறது?

பாகூர் ஏரிப் பாசன வயல்களில் ஒரே வரிசையில் குனிந்து நடவு நடும் பெண்களைப் பாருங்கள். சிறு வயதில் ஒன்றாகச் சேற்றில் இறங்கியவர்கள், நாற்பதிலும் ஒன்றாகவே நிற்கிறார்கள். இடுப்பு விட்டுப்போயிற்று. ஆனால் ஒருத்தி பின்தங்கினால் அடுத்தவள் அவள் பங்கையும் சேர்த்து நடுகிறாள். இது சிநேகிதம் அல்லவா? நாற்பது வயது இவர்களுக்கு விருந்து வைக்கும் நாளா?

மில் தொழிலாளியைப் பாருங்கள். 1898-ல் தோன்றிய ரோடியர் மில்லின் கதவு 2020-ல் நிரந்தரமாகச் சாத்தப்பட்டது. ஒரே ஷிப்டில் நின்று தலை நரைத்த கூட்டாளிகள் ஒரே நாளில் வெளியே நின்றார்கள். வைப்பு நிதி ஓய்வூதியம் முழுதாகக் கிடைக்க 58 வயது ஆக வேண்டும். அதற்கும் 2014-ல் சர்க்கார் நிர்ணயித்த குறைந்தபட்சத் தொகை மாதம் 1,000 ரூபாய். ஐம்பது வயதில் வேலை இழந்தவன் 58 வரை எதைத் தின்பது? விவசாயக் கூலிக்கோ ஓய்வு பெறும் வயது என்பதே கிடையாது. கை ஓயும்போதுதான் ஓய்வு. இதைவிடப் பெரிய கதை சினிமாக்காரர்களுக்கு எங்கே கிடைக்கும்?

இப்படிப்பட்ட படங்களை எடுக்க ஆளில்லையா? உண்டு.

1960-ல் ‘பாதை தெரியுது பார்’ வெளிவந்தது. பலர் கூடிப் பங்கு போட்டு, குமாரி பிலிம்ஸ் என்ற பெயரில் எடுத்த படம். தேசப் பிரிவினையில் வீடிழந்த அகதிகளைப் பற்றி ‘சின்னமூல்’ எடுத்த வங்காளி நிமாய் கோஷ் இயக்கினார். இசையமைத்த எம்.பி. சீனிவாசனுக்கு வயது 35. பாட்டெழுதிய ஜெயகாந்தன் நம் பக்கத்துக் கடலூரில் பிறந்தவர், வயது 26. இன்னொரு பாட்டெழுதிய பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் படம் வெளிவரும்போது உயிரோடு இல்லை. 1959 அக்டோபர் 8 அன்று, 29 வயதில், அவர் மறைந்தார். முப்பதைப் பார்க்காமலே போன நம் கவிஞர் அவர்! தொழிலாளர் வாழ்வைச் சொன்ன அந்தப் படத்துக்கு மத்திய சர்க்கார் நற்சான்றிதழ் கொடுத்தது. கொட்டகைகளோ கைகொடுக்கவில்லை. இன்று அதைத் திரையில் காண்பது குதிரைக் கொம்பு.

அமெரிக்காவுக்குப் போவோம். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் வாட்ஸ் என்பது அன்று கறுப்பு மக்கள் வாழ்ந்த பகுதி. சார்லஸ் பர்னெட் என்ற கறுப்பு மாணவர் 1970-களில், முப்பதை ஒட்டிய வயதில், நண்பர்களையும் அக்கம்பக்கத்தாரையும் நடிக்க வைத்து ‘கில்லர் ஆஃப் ஷீப்’ எடுத்தார். ஆட்டுத்தொட்டியில் அறுப்பு வேலை செய்யும் ஒரு தொழிலாளியும் அவன் கூட்டாளிகளும்தான் கதை. அவனும் நண்பனும் காசு சேர்த்து ஒரு பழைய மோட்டார் எஞ்சினை வாங்குகிறார்கள். மூச்சுத் திணறப் படியிறக்கி வண்டியில் ஏற்றுகிறார்கள். வண்டி நகர்ந்ததும் எஞ்சின் கீழே விழுந்து உடைகிறது. அந்தப் படம் எப்போது கொட்டகைக்கு வந்தது தெரியுமா? 2007-ல்! பின்னணிப் பாட்டுகளின் உரிமைக்குப் பணம் கட்ட வழியில்லாமல் முப்பது வருஷம் முடங்கிக் கிடந்தது.

இனி நம் காலத்துக்கு வருவோம். லெனின் பாரதி இயக்கிய ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ 2018 ஆகஸ்டில் வந்தது. தேனிப் பக்கத்து மலையில் சுமை தூக்கும் ரங்கசாமிக்கு ஒரே ஆசை: சொந்தமாக ஒரு துண்டு நிலம். பாடுபட்டுச் சேர்த்த காசில் வாங்கிய ஏலக்காய் மூட்டை மலைச் சரிவில் உருண்டு சிதறுகிறது. வாட்ஸில் உடைந்த எஞ்சினும் தேனி மலையில் சிதறிய மூட்டையும் ஒன்றேதான். கூலிக்காரன் ஒரு படி ஏறக் கால் தூக்கினால், ஒரு சறுக்கலில் ஆயுள் சேமிப்பே போய்விடும். பணக்காரனுக்கு அது நஷ்டம், நமக்கு வாழ்க்கை. கடைசியில் ரங்கசாமி, தன் கையை விட்டுப் போன நிலத்தில் நட்ட காற்றாலைக்குக் காவல்காரனாக உட்காருகிறான்.

“அப்படங்கள் ஓடவில்லையே, ஜனங்கள் ஒதுக்கிவிட்டார்களே” என்பார்கள். நாம் திருப்பிக் கேட்போம்: எந்த ஊரில் காட்டினீர்கள்? எத்தனை நாள்? எத்தனை காட்சி? பகலெல்லாம் வயலில் நிற்கும் பெண்ணால் பகல் காட்சிக்கு வர முடியுமா? ஒரு குடும்பத்துக்கு டிக்கெட் எடுக்க எத்தனை நாள் கூலி வேண்டும்? பரிமாறாத சோற்றை வேண்டாமென்று சொன்னான் என்று பழி போடுவது என்ன நியாயம்? ஜனங்கள் ஒதுக்கவில்லை, ஜனங்களிடம் கொண்டுவரவே இல்லை.

நம்மிடையேயும் சிலர் முணுமுணுப்பது உண்டு. “இந்தப் படங்கள் தோல்வியைக் காட்டுகின்றன, விலைபோன சங்கத் தலைவனைக்கூடக் காட்டுகின்றன, இதனால் என்ன பயன்?” என்கிறார்கள். தோழர்களே, தோற்றோம் என்று புலம்புவது வேறு. எதனால் தோற்றோம் என்று காட்டுவது வேறு. கடனில் போனதா, வியாபாரி தராசில் போனதா, நம் ஒற்றுமை உடைந்ததால் போனதா என்று தெரிந்தால்தான் அடுத்த அடி வைக்க முடியும். 1936 ஜூலை 30 அன்று சவானா மில்லில் பிரெஞ்சுத் துப்பாக்கிக்கு 12 தொழிலாளர்கள் பலியானார்கள். அந்த ரத்தத்தை மறைத்துவிட்டா எட்டு மணி நேர வேலையை வென்ற கதையைப் பேசுகிறோம்?

ஆகவே நமது கோரிக்கை இது. புதுச்சேரி சர்க்கார் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் சிறந்த படத்துக்கு விருது கொடுக்கிறது. நகரத்தில் விழாவும் எடுக்கிறது. நல்லது. அந்தத் திரையை வில்லியனூருக்கும் பாகூருக்கும் நெட்டப்பாக்கத்துக்கும் மண்ணாடிப்பட்டுக்கும் கொண்டு வரட்டும். கொம்யூன் மைதானத்தில், வேலை முடிந்து வரும் நேரத்தில், கட்டணமின்றிக் காட்டட்டும். ‘பாதை தெரியுது பார்’ போன்ற படங்களைத் தேடி எடுத்துப் பாதுகாக்கட்டும்.

சர்க்கார் செய்யும் வரை நாம் கைகட்டி இருக்க வேண்டியதில்லை. ஒரு வெள்ளைத் திரை, ஒரு வாடகைக் கருவி, ஒரு சனிக்கிழமை இரவு போதும். கிராமந்தோறும் இளைஞர் மன்றங்கள் உரிய அனுமதி பெற்று இதைச் செய்யலாம். நடவு வரிசையில் நிற்பவர்களும், மில் வாசலில் நின்றவர்களும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்கட்டும்; பார்த்துவிட்டுப் பேசட்டும். தொழிலாளி படம் ஓடுமா ஓடாதா என்பதை அன்று இரவு தெரிந்துகொள்வோம்!