தமிழ் தன்மைக்காட்டியோடு நின்றுவிட வேண்டுமா?

உயர்கணிதம் தமிழில் இயலாது என்போர் அதை ஆராய்ந்து சொல்வதில்லை. கேட்டுப் பழகியதைத் திருப்பிச் சொல்கிறார்கள். அக்கூற்றுக்கு முதலில் விலை கொடுப்பவர்கள் சென்னையிலோ மதுரையிலோ இல்லை. பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைச் சிற்றூர்களில் இருக்கிறார்கள்.

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. விளவங்கோட்டை ஒட்டிய நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. களியக்காவிளையைத் தாண்டியதும் மாநிலம் மாறுகிறது. வீட்டுமொழி அப்படி ஒரே அடியில் மாறுவதில்லை. அதே ஆண்டில் அரசமைப்பில் சேர்க்கப்பட்ட 350அ உறுப்பு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க வசதி செய்யுமாறு மாநிலங்களைப் பணிக்கிறது. கேரள அரசு தமிழ்வழிப் பாடநூல்களையும் வெளியிடுகிறது. ஆனால் அந்த உறுப்பின் சொல் தொடக்கக் கல்வியோடு முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் மொழியை நீட்டிக்க வேண்டியவர்கள் கற்றவர்கள். அவர்களோ ‘இயலாது’ என்று கைவிரிக்கிறார்கள்.

இக்கூற்றைச் சோதிக்க எளிய எடுத்துக்காட்டு உதவாது. எனவே கடினமான ஒன்றையே எடுத்துக்கொள்ளலாம்: செங்குத்து மீள்மாற்றம் கொண்ட மைய எளிய இயற்கணிதங்களின் கோஹோமாலஜி மாறாமதிப்புகள். பெயர் அச்சுறுத்துகிறது, அடிப்படைக் கருத்து அச்சுறுத்துவதில்லை.

ஓர் எண்ணின் வர்க்கத்தோடு மற்றோர் எண்ணின் வர்க்கத்தைக் கூட்டுவது ஓர் இருபடி வடிவம். அக்கூட்டுத்தொகையை மூன்றால் பெருக்குவது மற்றொரு வடிவம். மாறிகளை மாற்றி எழுதினால் இவ்விரண்டும் ஒன்றாகிவிடுமா? முதலில் கெழுக்களின் பெருக்கற்பலனைப் பார்க்க வேண்டும்: ஒன்றில் 1, மற்றதில் 9. இரண்டும் வர்க்க எண்கள். ஆகவே தன்மைக்காட்டி இவற்றைப் பிரித்துக் காட்டுவதில்லை. ஆயினும் முதல் வடிவம் 1 என்னும் மதிப்பைப் பெறும். இரண்டாவது, விகிதமுறு எண்களுக்குள் ஒருபோதும் பெறாது. வர்க்க எண்ணை மூன்றால் வகுத்தால் மீதி 0 அல்லது 1 மட்டுமே என்பதை அறிந்த பத்தாம் வகுப்பு மாணவிக்கு இதன் நிறுவல் எட்டும். எனவே தன்மைக்காட்டிக்கு அப்பால் இரண்டாவது மாறாமதிப்பு ஒன்று தேவைப்படுகிறது. கிளிஃபோர்டின் பெயரால் வழங்குவது அதுவே. அதற்கும் அப்பால், 1975இல் அராசன் கண்ட மூன்றாவது மதிப்பு உண்டு. இவை முறையே முதலாம், இரண்டாம், மூன்றாம் படிக் கோஹோமாலஜிக் குலங்களில் வாழ்கின்றன.

ஓர் அணியின் நிரைகளை நிரல்களாக மாற்றி, மீண்டும் மாற்றினால் பழைய அணியே வரும். பெருக்கலின் வரிசை மட்டும் ஒவ்வொரு முறையும் புரளும். இதுவே மீள்மாற்றம். இருபடி வடிவம் ஒவ்வொன்றும் அணிகளின்மீது இத்தகைய மீள்மாற்றம் ஒன்றைத் தருகிறது. 1843இல் ஹாமில்டன் கண்ட குவாட்டர்னியன்களைப் போன்ற இயற்கணிதங்களோ, தம் களத்தில் அணிகளாக இல்லாமல், போதிய அளவு பெரிய களத்தில் மட்டும் அணிகளாகின்றன. அங்கே வடிவம் கைக்குக் கிட்டாது. மீள்மாற்றம் மட்டுமே எஞ்சும். வடிவத்துக்குரிய மாறாமதிப்புகளை மீள்மாற்றத்துக்கும் வரையறுக்க முடியுமா என்பதே இத்துறையின் கேள்வி. முதல் இரண்டுக்கும் முடியும். மூன்றாவதுக்குப் பொதுவாக முடியாது. எந்தெந்த நிலைகளில் முடியும் என்பதைக் கண்டறிவதில்தான் ஆய்வு நடக்கிறது.

இத்துறையில் நுஸ், பரிமளா, ஸ்ரீதரன் ஆகிய மூவர் 1991இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றின் தலைப்பைத் தமிழாக்கினால் ‘மீள்மாற்றம் ஒன்றன் தன்மைக்காட்டி குறித்து’ என்றாகும். அதிலுள்ள முதன்மைச் சொல் தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் பாடநூலிலேயே இருக்கிறது! நான்காம் வரிசையில், தன்மைக்காட்டி அற்பமாக இருந்தால், இருந்தால் மட்டுமே, செங்குத்து மீள்மாற்றம் இரண்டு குவாட்டர்னியன் கூறுகளாகப் பிரியும் என்பது இம்மூவர் நிறுவிய முடிவு. பரிமளா தமிழ்நாட்டில் வளர்ந்தவர். 2010இல் ஐதராபாத்தில் நடந்த உலகக் கணித மாநாட்டில் முழுஅரங்கு உரையாற்றியவர். அவருடைய விருதுகளைப் பட்டியலிட்டுப் பெருமை கொள்வோர் அவர் நிறுவியது என்னவென்று ஒரு பத்தி தமிழில் எழுதட்டும். பொருள் அறியாத பெருமை வெறும் ஆரவாரம்.

சொற்கள் இல்லை என்பது முதல் மறுப்பு. ஜெர்மானியர் ‘உடல்’ என்னும் நாட்டுச் சொல்லால் குறித்ததை ஆங்கிலேயர் ‘வயல்’ என்னும் சொல்லால் குறித்தனர். தமிழ் ‘களம்’ என்கிறது. இவற்றில் எதுவும் வானத்திலிருந்து இறங்கவில்லை. வரையறையே சொல்லுக்குப் பொருள் தந்தது. எல்லாவற்றையும் தனித்தமிழாக்கிய பின்னரே எழுதுவோம் என்பாரும் இதே தவற்றின் மறுபக்கத்தில் நிற்கிறார்கள். ஜப்பானியர் ‘கோஹோமாலஜி’யைக் கடன்சொல்லாகவே வைத்துக்கொண்டு உயர்கணிதம் முழுவதையும் தம் மொழியில் கற்பிக்கிறார்கள்.

ஆய்வுக்கு ஆங்கிலம் வேண்டும் என்பது இரண்டாம் மறுப்பு. வேண்டும்தான், யாரும் மறுக்கவில்லை. ஆய்விதழுக்கு எழுதும் மொழி வேறு, பதினைந்து வயதில் ஒரு கருத்து முதன்முதலாக மனத்தில் ஊன்றும் மொழி வேறு. முன்னதைக் காட்டிப் பின்னதை மறுப்பது வாதமாகாது.

வாசகர் இல்லை என்பது மூன்றாவது. எழுதப்படாத நூலுக்கு எவ்வூரிலும் வாசகர் இருந்ததில்லை.

தீர்வுக்குப் பெரும் நிதி வேண்டியதில்லை. கணிதத்தில் முனைவர் பட்டம் பெறும் தமிழர் ஒவ்வொருவரும் தம் ஆய்வேட்டின் சாரத்தை, பள்ளிக் கணிதத்திலிருந்து தொடங்கி, நான்கு பக்கத் தமிழில் எழுதிப் பொதுவெளியில் வைக்கட்டும். பல்கலைக்கழகங்கள் அதனைக் கட்டாயமாக்கட்டும். பாறசாலையில் தமிழில் தன்மைக்காட்டியைக் கற்கும் மாணவிக்கு, அச்சொல்லுக்குப் பின்னால் பாதை நீளுகிறது என்று காட்டவேனும் அது உதவும். அப்பாதையை மூடியது மொழி அன்று. அதில் நடந்து போனபின் திரும்பிப் பாராதவர்களே.