ரேடியோ ஊமையானால் முதலில் வோல்ட் மீட்டரைப் பாருங்கள்

போர் விமான சிமுலேட்டரில் புதிதாக உட்கார்ந்தவர்கள் ஏதாவது ஒரு நாள் இதைச் சந்தித்தே தீருவார்கள். எஞ்சின் ஓடுகிறது, விசிறி சுற்றுகிறது, ஆனால் கட்டுப்பாட்டு கோபுரத்தை எத்தனை முறை கூப்பிட்டாலும் பதில் இல்லை. உடனே மென்பொருளின் மேல் பழி விழும். சிலர் அதை நீக்கிவிட்டு மறுபடி நிறுவவும் கிளம்பிவிடுவார்கள். பெரும்பாலும் பழுது மென்பொருளில் இருப்பதில்லை. ஒரு சுவிட்ச் தவறான நிலையில் நிற்கும், அவ்வளவுதான்.

டிசிஎஸ் வேர்ல்டு என்ற சிமுலேட்டரில் உள்ள யூஎச்-1எச் ஹெலிகாப்டரையே எடுத்துக்கொள்ளலாம். வியட்நாம் போரில் அமெரிக்கப் படையைச் சுமந்து பறந்த, 'ஹியூயி' என்று எல்லோரும் அழைக்கும் அதே எந்திரம். இதன் மின்சுற்றைப் பெரும்பாலும் அசலைப் போலவே வடித்திருக்கிறார்கள். பேட்டரி 24 வோல்ட். எஞ்சினைக் கிளப்பும் ஸ்டார்ட்டரே பிறகு மாற்று ஜெனரேட்டராகவும் வேலை செய்யும். ஆனால் எஞ்சின் பிடித்த பிறகு அதன் சுவிட்சை விமானிதான் கையால் மாற்றிப் போட வேண்டும். அதை மறந்து, பிரதான ஜெனரேட்டரின் சுவிட்சையும் போடாமல் விட்டவர், முழு வேகத்தில் சுற்றும் விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு பேட்டரியைத் தின்றுகொண்டிருப்பார். கொஞ்ச நேரம் எல்லாமே சரியாக இருப்பதுபோலத் தோன்றுவதுதான் இதில் உள்ள வஞ்சகம்.

இதைக் கண்டுபிடிக்க, முன்னாலுள்ள கருவிப் பலகையில் ஒரு வோல்ட் மீட்டரும், தலைக்கு மேலுள்ள பலகையில் அதற்கான ஒரு தேர்வுக் குமிழும் இருக்கின்றன. குமிழைத் திருப்பித் திருப்பி பேட்டரி, பிரதான ஜெனரேட்டர், மாற்று ஜெனரேட்டர், கருவிகளுக்கு மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் மின்தடங்கள் என்று ஒவ்வொன்றாக அளந்து பார்க்கலாம். ஜெனரேட்டர் தரப்பில் 28 வோல்ட்டை ஒட்டி முள் நின்றால் மின்சாரம் சரி. கரண்ட் போனால் வீட்டு இன்வெர்ட்டரில் விளக்கும் ஃபேனும் ஓடும், ஏசி ஓடாது அல்லவா? ஹியூயியிலும் பிரதான ஜெனரேட்டர் விழுந்தால் அத்தியாவசியமல்லாத மின்தடம் தானாகவே அறுந்துவிடும். வேண்டுமென்றால் விமானி ஒரு சுவிட்சைப் போட்டு அதை மீட்கலாம்.

மின்சாரம் இருந்தும் ரேடியோ பேசவில்லையா? அடுத்த சந்தேகம் ரேடியோவின் மேல். ஹியூயியில் தரைப்படைக்கு எஃப்எம், ராணுவ விமானப் பேச்சுக்கு யூஎச்எஃப், மற்றதற்கு விஎச்எஃப் என்று மூன்று ரேடியோக்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இயக்கக் குமிழ், தனித்தனி ஒலியளவு. எந்த ரேடியோவில் பேசுவது என்பதை ஒரு தேர்வுக் குமிழ் முடிவு செய்யும். எவற்றைக் கேட்பது என்பதை வேறு சில சிறு சுவிட்சுகள் முடிவு செய்யும். கோபுரத்தின் குரல் விஎச்எஃப்பில் தெளிவாக வந்துகொண்டிருக்க, பேசுகிறவர் குமிழை எஃப்எம்மில் வைத்துக்கொண்டு காற்றோடு பேசிக்கொண்டிருப்பது இப்படித்தான். புதியவர்களை அதிகம் அலைக்கழிப்பது இந்த ஒரு குமிழ் என்றே சொல்லலாம். இவை எல்லாமே சரியாக இருந்தும், நடுவில் ஒரு மலை நின்றால் பேச்சு போய்ச் சேராது. டிசிஎஸ்ஸின் காகஸஸ் வரைபடத்தில் மலைக்குப் பஞ்சமில்லை.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்பவர்களுக்காக, அலைவரிசையைத் தானே பிடித்துக்கொடுக்கும் எளிய தொடர்பு வசதியும், விமானத்தைத் தானே கிளப்பிவிடும் விசைகளும் உண்டு. அவற்றைப் பயன்படுத்துவது இழுக்கு என்று மூத்த ஆட்டக்காரர்கள் சிலர் முகம் சுளிப்பது அநாவசியம். வேலை முடிந்து வந்து இரவில் அரை மணி நேரம் பறக்க நினைப்பவருக்கு அந்த வசதி நியாயமானது. கேள்வி கேட்க வேண்டியது வேறொரு பழக்கத்தை. 'இதைப் போடு, அடுத்து அதைப் போடு' என்று சுவிட்ச் வரிசையை மட்டும் ஒப்பிக்கும் பாடங்கள்தான் பழுது வரும்போது ஆளைக் கைவிடுகின்றன. நாற்பது சுவிட்சுகளை மனப்பாடம் செய்தவருக்கு, அவற்றில் ஒன்று சொதப்பினால் எங்கிருந்து தேடத் தொடங்குவது என்று தெரிவதில்லை.

மின்சாரம் எங்கே பிறக்கிறது, எந்த வழியாக எதைச் சென்றடைகிறது என்ற அறிவு விளையாட்டுக்கு மட்டும் உரியதல்ல. 2006 செப்டம்பர் 15 அன்று ஸ்பெயினின் அலிகான்டேயிலிருந்து இங்கிலாந்தின் பிரிஸ்டலுக்குப் பறந்த ஈஸிஜெட் ஏர்பஸ் ஏ319, பிரான்ஸின் நாந்த் நகரை ஒட்டிய வானில் திடீரென்று ரேடியோக்களை இழந்தது. ரேடியோ பெட்டிகள் கெட்டுப்போகவில்லை. அவற்றை இயக்கும் மின்தடம் செத்துவிட்டது. விமானம் பத்திரமாகத் தரையிறங்கியது. 2008 ஜனவரி 7 அன்று லண்டனிலிருந்து பாங்காக் வந்துகொண்டிருந்த குவான்டாஸ் 747 ஒன்றில், சமையலறைப் பக்கத்துத் தண்ணீர் கசிந்து கீழே இருந்த ஜெனரேட்டர் கட்டுப்பாட்டுக் கருவிகளில் இறங்கியது. நான்கு மாறுதிசை மின்தடங்களில் மூன்று போயின. நான்கு எஞ்சின்களும் ஓடிக்கொண்டிருந்த விமானம், பல கருவிகளைப் பேட்டரியை நம்பி வைத்துக்கொண்டு இறங்க வேண்டியதாயிற்று.

சிமுலேட்டர் இதில் எல்லாவற்றையும் சொல்லித் தருவதில்லை. தனியாகப் பறப்பவருக்கு, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து தவறைச் சுட்டிக்காட்டும் துணை விமானி இல்லை. விரலுக்கு சுவிட்சின் கனம் தெரியாது. ஆனாலும் சில நுணுக்கங்களில் அது அசத்துகிறது. மின்சாரமே இல்லாத போர் விமானத்திலிருந்து, வெளி மின்சாரம் கொடுங்கள் என்று தரைக்குழுவிடம் எப்படிக் கேட்பது? கண்ணாடிக் கூரையைத் திறந்தால்தான் அவர்கள் காதில் விழும். அதையும் டிசிஎஸ்ஸில் யோசித்து வைத்திருக்கிறார்கள்.

ஆகவே பாட வீடியோ தயாரிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்த சுவிட்சைப் போட வேண்டும் என்பதோடு, அது எதற்கு உயிர் கொடுக்கிறது என்பதையும் ஒரு வரி சொல்லுங்கள். ஆட்டக்காரர்களும் அடுத்த முறை ரேடியோ பேசாவிட்டால், மென்பொருளை நீக்குவதற்கு முன்னால் வோல்ட் மீட்டரில் தொடங்கி, குமிழ்கள், அலைவரிசை, மலை என்று வரிசையாகப் பார்த்துவிடுங்கள்.