இரண்டு மின்சார ரதங்கள்

ஒன்றரைக் கோடி ரூபாயைத் தொடும் விலை கொடுத்து மின்சார மோட்டார் வண்டி வாங்க முன்வரும் தனவான் ஒருவர், பி.எம்.டபிள்யூ. வாங்குவதா, மெர்ஸிடிஸ் வாங்குவதா என்று தத்தளித்தால் அதைப் பற்றி நமக்கென்ன என்று வாசகர்களில் பலர் கேட்கக்கூடும். அவ்வண்டியின் விலையில் பொதுஜனங்களுக்கு யாதொரு சம்பந்தமும் இல்லாதிருந்தால், அவருடைய பணம், அவருடைய இஷ்டம் என்று நாமும் விட்டுவிடுவோம். சம்பந்தம் இருக்கிறது, அதுவும் அற்பசொற்பமன்று.

2019 ஆகஸ்டு முதல் மின்சார வண்டிகளுக்குச் சரக்கு சேவை வரி நூற்றுக்கு 5 வீதமே விதிக்கப்பட்டு வருகிறது. 2025 செப்டம்பர் 22-ந் தேதி அமலுக்கு வந்த புதிய வரி விகிதங்களில், எண்ணெயால் ஓடும் பெரிய மோட்டார் வண்டிகளுக்கு 40 வீதம் என்று நிர்ணயமாயிற்று. மின்சார வண்டிக்கோ, விலை பத்து லக்ஷமாயினும் இரண்டு கோடியாயினும், அதே 5 வீதம் நிலைநிறுத்தப்பட்டது. மெர்ஸிடிஸ் கம்பெனியார் தங்கள் ஈ.க்யூ.எஸ். 580 என்னும் எஸ்.யு.வி. வண்டியை 2024 செப்டம்பரில் ரூ. 1.41 கோடிக்கு விற்பனைக்குக் கொணர்ந்தனர். அத்தொகையில் வரியைக் கழித்தால் வண்டியின் விலை சுமார் ரூ. 1.34 கோடி. இதன்மீது 5 வீதத்துக்குப் பதில் 40 வீதம் விதித்தால் கஜானாவுக்கு இன்னும் ஏறக்குறைய ரூ. 47 லக்ஷம் வந்து சேரும். அவ்வளவு தொகையைத் தேசம் ஒரே ஒரு வண்டிக்காக விட்டுக்கொடுக்கிறது. விட்டுக்கொடுப்பவர் எதன்பொருட்டு என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனமாகாது.

இனி வண்டிகளை நோக்குவோம். பி.எம்.டபிள்யூ. ஐ-எக்ஸ் வண்டியின் எக்ஸ்டிரைவ்-50 என்னும் வகை 2024 மார்ச்சில் ரூ. 1.39 கோடிக்கு வந்தது. அது ஜெர்மனியில் பவேரியாவைச் சேர்ந்த டிங்கோல்ஃபிங் நகரில் முழுமையாகச் செய்யப்பட்டுக் கப்பலேறி வருவது, ஐவர் அமரலாம். மெர்ஸிடிஸ் வண்டியோ அமெரிக்காவில் அலபாமாவில் பிறந்து, பாகம் பாகமாக வந்து, புனாவை அடுத்த சாக்கன் தொழிற்சாலையில் கோக்கப்படுவது, எழுவர் அமரலாம். முன்னதன் எடை 2,500 கிலோவுக்கு மேல். பின்னதன் எடை சுமார் 2,800 கிலோ. ஒரு மனிதரைக் காரியாலயத்துக்குக் கொண்டுபோய்விட இத்தனை இரும்பும் அலுமினியமும் எதற்கு என்று நாம் கேட்கப்போவதில்லை. ரதம் வேண்டுமென்பவரிடம் கட்டைவண்டியின் நியாயம் பேசிப் பயனில்லை.

விளம்பரங்களில் காணும் ஓர் எண்ணைக் குறித்து மட்டும் வாங்குவோரை எச்சரிப்பது நம் கடமை. ஒரு தரம் மின்னேற்றினால் மெர்ஸிடிஸ் 809 கிலோமீட்டர் ஓடும் என்றும், பி.எம்.டபிள்யூ. 635 கிலோமீட்டர் வரை ஓடும் என்றும் சொல்லப்பட்டது. முந்தியது இந்தியப் பரீக்ஷை முறைப்படி கண்டது. பிந்தியது ஐரோப்பிய முறைப்படி கண்டது. ஒரு துணியை முழத்தாலும் மற்றொரு துணியைக் கஜத்தாலும் அளந்து, இது நீளம், அது குட்டை என்று சொல்வது போலாகும் இது. ஐரோப்பிய முறையிலேயே இரண்டையும் அளந்தால் வித்தியாசம் பெரும்பாலும் மறைந்துவிடும். மெர்ஸிடிஸின் பாட்டரி 122 யூனிட் மின்சாரம் கொள்வது. அதை 60 கிலோவாட் வேகத்தில் மின்னேற்றும் நிலையத்தில் நிறுத்தினால் நிரம்ப இரண்டு மணிக்கு மேலாகும். வீட்டில் 11 கிலோவாட் வசதி செய்துகொண்டாலும் இரவு முழுவதும் வேண்டும்.

ஆனால் நமக்கு முக்கியமானது வேறு. சாக்கனில் கோக்கப்படுவதால் மெர்ஸிடிஸ் சுதேசியாகிவிடுமா? ஆகாது. கோப்பது ஒன்று, செய்வது மற்றொன்று. பாட்டரியின் உயிர்நாடியான செல்கள் நம் நாட்டில் பிறந்தவையல்ல. செல் தயாரிக்க 2021-ல் இந்திய சர்க்கார் ரூ. 18,100 கோடி ஊக்கத்தொகை ஒதுக்கி, 50 கோடி யூனிட் அன்று, 5 கோடி யூனிட் கொள்ளளவுள்ள செல்களை ஆண்டுதோறும் செய்ய உத்தேசித்தது. காரியம் எதிர்பார்த்த வேகத்தில் நடக்கவில்லை. எனினும், கோக்கும் வேலையை இகழ்வதும் நியாயமன்று. சாக்கனில் நம்மவர் கை பழகுகிறது. உயர்ந்த மின்னழுத்தமுள்ள யந்திரங்களைக் கையாளக் கற்றுக்கொள்கிறது. பி.எம்.டபிள்யூ. கம்பெனியாருக்கும் 2007 முதல் சென்னைக்கருகே சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்தில் தொழிற்சாலை இருக்கிறது. 2025 ஜனவரியில் ஐ-எக்ஸ்1 என்னும் சிறிய மின்சார வண்டியை அங்கே கோத்து ரூ. 49 லக்ஷத்துக்கு விற்க முன்வந்தார்கள். பெரிய வண்டிக்கு மட்டும் அந்தப் பாக்கியம் கிட்டவில்லை.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். முழு வண்டியாக வருவதன்மீது சுங்கவரி அதன் துறைமுக விலையைவிட அதிகம். மொத்தம் நூற்றுக்கு 110 வீதம். ஆகவே, கஜானாவைக் கேட்டால் பி.எம்.டபிள்யூவே மேல் என்னும். தொழிலாளியைக் கேட்டால் மெர்ஸிடிஸே மேல் என்பான். இவ்விரண்டில் தொழிலாளியின் பக்கமே நாம் நிற்கிறோம். சுங்கத்தில் வந்த பணம் அவ்வாண்டின் வரவு செலவிலேயே கரைந்துபோம். கையில் ஏறிய தொழில் அப்படிப் போகாது.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. மெர்ஸிடிஸ் வண்டியின் மோட்டார்கள் நிரந்தரக் காந்தங்களால் இயங்குபவை. அக்காந்தங்களுக்கு வேண்டிய அருமண் உலோகங்களைச் சுத்தி செய்வதில் சீனாவே ஏகபோகமாய் அமர்ந்திருக்கிறது. 2025 ஏப்ரல் 4-ந் தேதி அந்நாடு அவற்றில் சிலவற்றின் ஏற்றுமதிக்கு அனுமதிச்சீட்டு வேண்டுமென்று உத்தரவிட்டபோது, நம் நாட்டு மோட்டார் தொழிற்சாலைகள் பட்ட பாட்டை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பி.எம்.டபிள்யூ. ஐ-எக்ஸின் மோட்டாரில் அந்தக் காந்தம் கிடையாது. சுழலும் பாகத்துக்குச் செப்புக்கம்பிச் சுருளின் வழியே மின்சாரம் செலுத்திக் காந்த சக்தியை உண்டாக்குகிறார்கள். இந்தியாவில் கோக்கப்படும் வண்டி சீனாவின் தயவை நாடி நிற்க, ஜெர்மனியிலிருந்து முழுசாய் வரும் வண்டி அவ்வகையில் சுதந்தரமாயிருப்பது விநோதமே. நம் கம்பெனிகள் பி.எம்.டபிள்யூவிடம் கற்கவேண்டியது மெத்தை தைக்கும் வித்தையையன்று, இந்த மோட்டாரையே.

அருமண் நம்மிடம் இல்லாமலும் இல்லை. கன்யாகுமரி ஜில்லா மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனஸைட் இருப்பதை 1909-ல் கண்டறிந்தவர் ஷோம்பெர்க் என்னும் ஒரு ஜெர்மானியரே. அன்று காஸ் விளக்கின் வலைக்காக அம்மணல் சீமைக்குப் போயிற்று. நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அதைக் காந்தமாக்கும் தொழில் இங்கே வேரூன்றவில்லை. 2025 நவம்பரில்தான் மத்திய மந்திரிசபை, ஆண்டுக்கு 6,000 டன் காந்தம் செய்யும் சக்தியை உண்டாக்க ரூ. 7,280 கோடித் திட்டத்தை அங்கீகரித்தது. மணல் அகழ்வதைக் கரையோர மக்கள் எதிர்ப்பது வீம்பினாலன்று. தங்கள் வீடுகளையும் கடலையும் குறித்த அச்சத்தினால். அவர்களைச் சமாதானப்படுத்தாமல் மண்வெட்டியை எடுப்பது தகாது.

தனவான்கள் முதலில் வாங்கினால்தான் பிறகு விலை இறங்கி எளியவர்க்கும் வண்டி கிட்டும் என்று வாதிப்பவர் உண்டு. அமெரிக்காவில் டெஸ்லா கம்பெனி அவ்வாறே செய்தது மெய்தான். 2008-ல் செல்வருக்கான வண்டியில் தொடங்கி 2017-ல் நடுத்தரத்தாரின் வண்டிக்கு வந்தது. அங்கே கற்ற வித்தையும் கிடைத்த லாபமும் அந்நாட்டிலேயே தங்கின. டிங்கோல்ஃபிங்கிலும் அலபாமாவிலும் கற்கப்படும் வித்தைக்கு நாம் 47 லக்ஷம் விட்டுக்கொடுப்பது அதற்கு ஒப்பாகாது. நம் நாட்டில் மின்சார வாகனம் பரவியது மேலிருந்தும் அன்று. 2024-ஆம் ஆண்டில் பத்து லக்ஷத்துக்கு மேற்பட்ட மின்சார இருசக்கர வண்டிகள் விற்றன. அவற்றில் கணிசமானவை ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் செய்யப்பட்டவை. மத்திய சர்க்காரும் இதை அறியாதவரல்லர். 2024 அக்டோபரில் தொடங்கிய ரூ. 10,900 கோடி பி.எம். ஈ-டிரைவ் திட்டத்தில் பஸ்களுக்கும், லாரிகளுக்கும், இரண்டு மூன்று சக்கர வண்டிகளுக்கும் இடமுண்டு. சொந்த உபயோக மோட்டார்காருக்கு இடமில்லை. ரொக்கமாகக் கொடுக்கக் கூடாதென்று கண்டவர்கள் வரியாக விட்டுக்கொடுக்கலாமென்று எப்படிக் கண்டார்கள் என்பது நமக்கு விளங்கவில்லை.

வாங்கியே தீருவேன் என்பவருக்கு நம் யோசனை இது. எழுவர் ஏறும் குடும்பமானால் சாக்கன் வண்டியை வாங்குக. நால்வரேயானால் சிங்கப்பெருமாள் கோயிலில் கோத்த சிறிய வண்டியே போதும். அல்லது சாக்கனில் செய்யப்படும் மஹிந்திராவின் எக்ஸ்.ஈ.வி. 9-ஈ வண்டியை ஒரு முறை ஓட்டிப்பார்க்கட்டும். 2024 நவம்பரில் அறிவித்த ஆரம்ப விலை ரூ. 21.90 லக்ஷமே. அதன் செல்களும் சீனத்தவையே என்பதை மறைக்க நாம் விரும்பவில்லை.

சர்க்காருக்குச் சொல்வது வேறு. கர்நாடகம் 2024-ல் ரூ. 25 லக்ஷத்துக்கு மேற்பட்ட மின்சார வண்டிகளுக்கு ஆயுள் வரி 10 வீதம் விதித்தது. மஹாராஷ்டிரம் 2025 மார்ச்சில் ரூ. 30 லக்ஷத்துக்கு மேற்பட்டவற்றுக்கு 6 வீதம் என்று பிரேரேபித்து, அம்மாதத்திலேயே பின்வாங்கிற்று. தமிழ்நாடு 2023 முதல் 2025 முடிய விலை வித்தியாசமின்றி முழு விலக்கு அளித்தது. ஸ்கூட்டரில் கறிகாய் ஏற்றிச் செல்பவனுக்கும் கோடி ரூபாய் ரதத்தில் போகிறவருக்கும் ஒரே சலுகை கொடுத்ததை நாம் ஒப்பமாட்டோம். ரூ. 25 லக்ஷம் என்ற கர்நாடகத்தின் எல்லைக்கோடு பொருத்தமானதே. அதற்கு மேற்பட்ட வண்டிகளில் கிடைக்கும் தொகையை நகரப் பஸ்களுக்கென்று தனியே ஒதுக்கிவைக்கும்படி தமிழ்நாட்டுச் சட்டசபை அங்கத்தினர்கள் வற்புறுத்த வேண்டும்.