தாராவுக்குப் பத்து நிமிஷம்

போன பொங்கல் விழாவுக்கு எங்க ஏரியா சங்கத்துல, "குழந்தைகளை வச்சு ஒரு நாடகம் போடுங்களேன்"ன்னு கேட்டாங்க. இந்திரா பார்த்தசாரதியோட 'ஔரங்கசீப்'ல இருந்து ரெண்டு காட்சி போடலாம்னேன். கமிட்டியில கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம் ஒருத்தர், "சார், ஜனங்க சிரிக்கணும் சார். இதெல்லாம் ஹெவி"ன்னார்.

எது சார் ஹெவி? அந்த ஷாஜகான் கட்டின செங்கோட்டைக்குத்தான் ஊர்லேர்ந்து வர்ற ஒவ்வொரு விருந்தாளியையும் கூட்டிட்டுப் போறோம். எழுதினவர் கும்பகோணத்துக்காரர், நம்மளை மாதிரியே டெல்லிக்கு வந்து பல்கலைக்கழகத்துல தமிழ் சொல்லிக்கொடுத்தவர். டெல்லித் தமிழனுக்கு இதைவிடச் சொந்தமான நாடகம் எதுங்க?

இதே ஊர்ல 1963ல அல்காஸி, பெரோஸ் ஷா கோட்லா இடிபாடுகளுக்கு நடுவுல 'அந்தா யுக்' போட்டார். பின்னாடி புராணா கிலாவுல 'துக்ளக்'. அது கர்னாட் கன்னடத்துல எழுதினது. கன்னட நாடகம் இந்திக்காரங்களுக்குக் கனமாத் தெரியலை. தமிழ் நாடகம் தமிழனுக்குக் கனமாம்!

"பசங்களுக்குப் புரியாது"ங்கறது அடுத்த சாக்கு. எங்க பசங்களுக்கு வீட்டுல பேசற தமிழ் வரும், படிக்க வராது. வசனத்தை இந்தி எழுத்துல எழுதித் தரச் சொன்னாங்க அம்மாமார்கள். முதல் வாரம் நானும் எழுதிக் கொடுத்தேன் (என் தப்புதான்). 'வாழ்க' எல்லாம் 'வால்க' ஆச்சு. ரெண்டாவது வாரம் பேப்பரைப் பிடுங்கிட்டேன். காதால கேளு, வாயால சொல்லு. பழைய பாய்ஸ் கம்பெனிகள்ல சின்னப் பசங்க முழு நாடகத்தையே மனப்பாடமா வச்சிருந்தாங்களே. 1918ல சங்கரதாஸ் சுவாமிகள் நடத்தின பால சபையில இருந்து வந்தவங்கதான் டி.கே.எஸ். சகோதரர்கள்.

மூணாவது வாரம் தாராவா நடிச்ச ஒன்பதாம் கிளாஸ் பையன் கேட்டான்: "அங்கிள், தான் தோக்கப் போறது இந்த சீன்ல தாராவுக்குத் தெரியுமா? தெரிஞ்சா வேற மாதிரி நிக்கணுமே." எனக்கு அப்படியே தூக்கிவாரிப் போட்டுது. நான் அதுவரைக்கும் பண்ணின டைரக்‌ஷன், "மைக் பக்கம் திரும்பிப் பேசுடா" மட்டும்தான். சரித்திர நாடகம்னா அடித்தொண்டையில கத்தணும்னு நினைக்கிற கோஷ்டியில நானும் ஒருத்தன். அன்னிக்கு முழுக்க வசனத்தை விட்டுட்டு, எப்படி நிக்கறதுன்னே பார்த்துட்டு இருந்தோம்.

விழா அன்னிக்கு "டைம் ஆயிடுச்சு"ன்னு இருபது நிமிஷத்தைப் பத்தாக்கிட்டாங்க. ஒரு காட்சி போச்சு, அதோட ரோஷனாராவும் போனா. அந்தப் பொண்ணு மேக்கப்போட சைடுல நின்னு அழுதுது. அப்புறம் சென்னையிலேர்ந்து வந்த குழுவோட ஜோக் நாடகம், முழுசா ரெண்டு மணி நேரம். மாமியார் ஜோக்குக்கு ஜனங்க சிரிச்சாங்க, மறுக்கலை. ஆனா தாரா பேசினப்போ பின் வரிசையில போண்டா சாப்பிட்டுட்டு இருந்தவங்க கையை நிறுத்தினதையும் பார்த்தேன். கமிட்டிக்காரங்க அப்போ வாசல்ல சீஃப் கெஸ்ட்டை வரவேத்துட்டு இருந்தாங்க.

இப்போ ஞாயித்துக்கிழமை சாயந்தரம் எங்க மொட்டைமாடியில ஒத்திகை நடக்குது. முழு நாடகமும். ரோஷனாராவா நடிச்ச பொண்ணு இனிமே வரமாட்டேன்னுடுச்சு, வேற ஒரு பொண்ணு வேணும். தமிழ் படிக்கத் தெரியணும்னு இல்லை.