அன்னாசி கேக்கும் ஆத்தங்குடித் தரையும்

காரைக்குடியில் மாதந்தோறும் கூடும் எங்கள் வாசிப்பு வட்டத்தில் சென்ற மாதம் ஒரு கட்டுரை வாசிக்கப்பட்டது. செட்டிநாட்டு உணவுப் பண்பாட்டின் வீழ்ச்சி என்பது அதன் பொருள். எழுதியவர் எங்கள் நண்பர், நிறைய வாசித்தவர், அவரோடு முரண்படுவதற்கே ஒரு தயாரிப்பு வேண்டும் என்று நினைப்பவர்கள் நாங்கள். ஆகவே அன்று வாய் திறக்கவில்லை. திறக்காதது தவறு என்று இப்போது படுவதால் இந்த எதிர்வினை.

நண்பர் தம் வாதத்துக்குச் சான்றாகக் கலப்பட நெய்யையோ, நெடுஞ்சாலை உணவகங்களின் சிவப்புச் சாயக் கோழியையோ எடுத்துக்கொள்ளவில்லை. இடைவேளையில் எல்லோருக்கும் கொடுக்கப்பட்ட அன்னாசி கேக்கை எடுத்துக்கொண்டார். எழுதிவந்த தாளை மடித்து வைத்துவிட்டு, கையிலிருந்த துண்டை உயர்த்திக் காட்டி, "டப்பாவைத் திறந்து கொட்டிய பண்பாடு இது" என்றார். சிரிப்பு எழுந்தது. நாங்களும் சிரித்தோம். அந்தக் கேக்கைச் செய்த பெண்மணி தேநீர்க் குவளைகளை எடுக்க வந்து கதவருகே நின்றுகொண்டிருந்தார். பகலெல்லாம் ஒரு பலகாரக் கடையில் தேன்குழல் பிழிகிறவர். மகனுடைய பிறந்தநாளுக்கென்று முதல்நாள் இரவு செய்ததில் பாதியை, "முட்டை போடலைண்ணே, எல்லாரும் சாப்பிடலாம்" என்று சொல்லி எங்களுக்காகக் கொண்டுவந்திருந்தார். மிச்சத் துண்டுகளோடு தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

முதலில் அந்த டப்பாவில் என்ன இருந்தது என்று பார்த்துவிடுவோம். வீழ்ச்சி பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் செய்முறையைக் கேட்பதில்லை. நாங்கள் கேட்டோம். சுண்டக் காய்ச்சிய இனிப்புப் பால் அரை டப்பா, அதாவது 200 கிராம். மைதா 125 கிராம். வெண்ணெய் 60 கிராம். பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி. சமையல் சோடா அரைத் தேக்கரண்டி. டப்பாவில் அடைத்த அன்னாசித் துண்டுகள் கொஞ்சம், அவை ஊறிக்கிடந்த பாகில் சுமார் 100 மில்லி. ஒரு கை டூட்டி புரூட்டி. வெண்ணெயையும் பாலையும் குழைத்து, சலித்த மாவைச் சேர்த்து, பாகை ஊற்றி, அதிகம் அடிக்காமல் கலந்து உடனே அடுப்பேற்ற வேண்டும். உடனே என்பது முக்கியம். பழப் பாகிலுள்ள புளிப்பு சோடாவோடு கூடியதும் வாயு கிளம்பத் தொடங்கிவிடும். தொலைக்காட்சித் தொடர் முடியட்டும் என்று காத்திருந்தால் கேக் தட்டையாகப் போகும். அவன் கிடையாது. குக்கரின் ரப்பர் வளையத்தையும் மூடிமேல் இருக்கும் குண்டையும் கழற்றிவிட்டு, அடியில் ஆற்றுமணலைப் பரப்பிப் பத்து நிமிடம் காயவைத்து, அதன்மேல் பாத்திரத்தை இறக்கிச் சிறு தீயில் முக்கால் மணி நேரம். வெந்துவிட்டதா என்று பார்ப்பதற்கு ஈர்க்குச்சி. பொரி வறுக்கிறவர்களின் மணல்சூட்டை ஒரு அலுமினியக் குக்கருக்குள் கொண்டுவந்திருக்கும் இந்தக் கைத்திறன் எந்தப் பண்பாட்டின் வீழ்ச்சி என்று எங்களுக்குப் புரியவில்லை.

சரி, டப்பா அன்னாசி எதற்கு, சந்தையில் நல்ல பழம் இல்லையா என்று நண்பர் கேட்கக்கூடும். கேட்டார் என்றும் நினைவு. இதற்குப் பதில் சோம்பல் அல்ல, வேதியியல். பச்சை அன்னாசியில் புரோமிலைன் என்ற நொதி இருக்கிறது. புரதத்தை அறுத்துப்போடுவது அதன் வேலை; பழத்தை அதிகம் தின்றால் நாக்கு எரிவதில் அதற்கும் பங்குண்டு. பாலோடு சேர்ந்து சிறிது நேரம் கிடந்தால் பாலின் புரதத்தைச் சிதைத்துக் கசப்பைக் கொடுக்கும். டப்பாவில் அடைக்கும்போது காட்டப்படும் சூட்டில் இந்த நொதி செயலிழந்துவிடுகிறது. பாலே அடிப்படையாக இருக்கும் ஒரு மாவில் டப்பா அன்னாசி சேர்ப்பது குறுக்குவழியும்தான், சரியான வழியும்தான். (கடற்பாசி காய்ச்சுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அது புரதம் அல்ல என்பதால் பச்சை அன்னாசியோடும் உறையும். ஜெலட்டின்தான் உறைய மறுக்கும்.) தேன்குழல் பிழிகிற பெண்மணிக்குப் புரோமிலைன் என்ற பெயர் தெரியாது, "பச்சைப் பழம் போட்டா கசக்கும்" என்பது தெரியும். எங்களுக்கு இரண்டுமே தெரிந்திருக்கவில்லை.

இனி நண்பரின் மையமான வாதத்துக்கு வருவோம். கடையில் வாங்கிய, வெளியிலிருந்து வந்த, முன்பே யாரோ ஆக்கிவைத்த பொருட்களால் செய்யப்படுவது செட்டிநாட்டுக்கு அந்நியமானது என்கிறார். இதை அவர் எங்கே நின்று சொன்னார் என்பதைப் பதிவு செய்தாக வேண்டும். பர்மாத் தேக்கில் கடைந்த தூண்களுக்கு நடுவே, இத்தாலியச் சலவைக்கல் பதித்த முகப்பைக் கடந்து, பெல்ஜியம் கண்ணாடிக்கு முன்னால் நின்று சொன்னார். அவர் காலுக்கடியில் இருந்தது ஆத்தங்குடித் தரை. வெளிநாட்டு ஓடுகளைப் பார்த்து, கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணமும் சிமெண்டும் ஊற்றி உள்ளூர்க் கைகள் செய்த தரை அது. கேக் வைத்திருந்த எனாமல் தட்டின் சகோதரங்கள் சுவீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கப்பலேறி வந்து இந்த ஊர் வீடுகளில் இன்னும் அடுக்கடுக்காக இருக்கின்றன. சுண்ணாம்போடு முட்டையின் வெள்ளைக்கருவையும் அரைத்துச் சுவருக்குப் பளபளப்பு ஏற்றிய ஊர் இது. கேக்கில் முட்டை உண்டா என்று கேட்டபோது எங்கள் வட்டத்தில் இரண்டு பேர் முகம் சுளித்தார்கள். சுவர் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

உணவை மட்டும் எடுத்துக்கொண்டாலும் கதை இதுதான். கல்யாண விருந்தின் பெருமையான கவுனி அரிசி பர்மாவிலிருந்து வந்தது என்பதைச் செட்டிநாட்டார் தாமே பெருமையோடு சொல்வர். ரங்கூன் புட்டு தன் ஊரைப் பெயரிலேயே சுமந்துகொண்டிருக்கிறது. கவுனி அரிசியில் கொட்டுகிற வெள்ளைச் சீனி ஆலையில் ஆக்கியது. சீனி என்ற சொல்லே சீனத்தை நினைவூட்டுவது. செட்டிநாட்டுக் குழம்பின் அன்னாசிப்பூ சீனத்தையும் அதை ஒட்டிய நிலங்களையும் சேர்ந்தது. மிளகாய் போர்த்துக்கீசியரோடு வந்தது; அன்னாசிப் பழமும் தென்னமெரிக்காவிலிருந்து ஏறக்குறைய அதே கப்பல்களில் வந்ததுதான். மிளகாய்க்குக் குடியுரிமை கொடுத்த நண்பர் அன்னாசியை மட்டும் ஏன் கடவுச்சீட்டுக் கேட்டு நிறுத்துகிறார்?

கேக்கின் கதையிலும் பர்மா குறுக்கிடுகிறது. தலச்சேரியில் ரொட்டிச்சாலை நடத்திய மம்பள்ளி பாப்பு 1883ஆம் ஆண்டு மர்டாக் பிரவுன் என்ற தோட்ட முதலாளிக்காகக் கிறிஸ்துமஸ் கேக் செய்துகொடுத்தார். பிஸ்கட் செய்யும் தொழிலை அவர் கற்றுவந்தது பர்மாவில் என்று சொல்லப்படுகிறது. பிரெஞ்சு பிராந்திக்குப் பதிலாக உள்ளூர்ப் பழங்களில் காய்ச்சிய சாராயத்தை ஊற்றினாராம். கிடைத்ததை வைத்துச் செய்தார். அதையே காரைக்குடியில் ஒரு பெண் செய்தால் டப்பாப் பண்பாடு; ஆண் ஒருவர் 1883இல் செய்தால் வரலாறு.

ப. சிங்காரம் சிங்கம்புணரிக்காரர், 'புயலிலே ஒரு தோணி'யை எங்கள் வட்டம் இரண்டு முறை வாசித்திருக்கிறது, கட்டுரை எழுதிய நண்பர்தான் இரண்டு முறையும் நடத்தினார். மெடானிலும் பினாங்கிலும் அலைகிற அந்த மனிதர்களை அவ்வளவு நேசிக்கும் ஒருவர், கடல் கடந்து வந்த ஒரு டப்பாவின்முன் எப்படித் திடீரென்று கிணற்றடிக்காரர் ஆகிறார்?

இங்கே நாங்கள் நண்பரிடம் கொஞ்சம் கடுமையாகவே பேச வேண்டியிருக்கிறது. அவர் ஏங்குகிற அந்த அடுக்களையில் இடித்தது யார், அரைத்தது யார்? வீட்டின் கடைசிக் கட்டில் உரலும் ஆட்டுக்கல்லும் ஓயாமல் சுழன்றது யாருடைய தோளில்? ஆண்கள் மூன்று வருடக் கணக்கில் கொண்டுவிக்கப் போயிருந்த காலங்களில் வீட்டைக் கட்டிக்காத்தவர்கள் ஆச்சிமார். மணமான மகனை வேறுவைத்ததும் அந்த இளம் மருமகள் அளந்து கொடுத்த சாமானை வைத்துத் தனி அடுப்பு மூட்டினாள். அவர்களுக்குக் கீழே, பெயர் எந்தச் சமையல் நூலிலும் ஏறாத வேலைக்காரப் பெண்கள். நண்பரின் கட்டுரையில் கைமணம் என்ற சொல் பதினோரு முறை வருகிறது, எண்ணினோம். கை ஒரு முறைகூட வரவில்லை. வெயிலில் காய்ந்த வற்றலும் ஆண்டுக்கு ஒருமுறை திரித்துவைத்த பொடியும் நாளைய வேலையை இன்றே முடித்துவைக்கும் குறுக்குவழிகள் அல்லாமல் வேறென்ன? பெண்கள் எப்போதும் நேரத்தை மிச்சம்பிடிக்கப் பார்த்திருக்கிறார்கள். பிடித்த மிச்சம் அவர்களுக்கே கிடைக்கும்போது மட்டும் நமக்கு அது வீழ்ச்சியாகத் தெரிகிறது.

இன்னொன்றும் உண்டு. சீர்ப் பலகாரம் இன்று எத்தனை வீடுகளில் சுடப்படுகிறது? கடையில் சொல்லிவைத்து வாங்குகிறோம். கூரியரில் சிங்கப்பூருக்கும் அனுப்புகிறோம். நண்பரின் வீட்டுத் திருமணத்திலும் அப்படித்தான் நடந்தது. நாங்களும் நன்றாகவே சாப்பிட்டோம். அந்தச் சீப்புச் சீடையைக் கடையில் வாங்கியதால் பண்பாடு விழுந்துவிடவில்லை. அதை எட்டு மணி நேரம் எண்ணெய்ச் சட்டி முன் நின்று சுட்டுக்கொடுத்த பெண், வீடு திரும்பியபின் தன் பிள்ளைக்கு ஒரு டப்பாவைத் திறந்தால் விழுந்துவிடுகிறது. இந்தத் தர்க்கத்துக்கு மேட்டிமை என்பதைத் தவிர வேறு பெயர் எங்களுக்குத் தெரியவில்லை.

நண்பர் மேற்கோள் காட்டிய அமெரிக்கக் கதையையும் தொட்டுவிடுவோம். தண்ணீர் ஊற்றினால் போதும் என்ற கேக் மாவு விற்காமல் கிடந்ததாம், பெண்களின் குற்றவுணர்வைக் கண்டுபிடித்த உளவியலாளர் எர்னஸ்ட் டிக்டர், ஒரு முட்டையை அவர்களே உடைத்துப் போடட்டும் என்றாராம், விற்பனை பொங்கிவிட்டதாம். விளம்பர வகுப்புகளில் ஓயாமல் சொல்லப்படும் இந்தக் கதை பாதித் தொன்மம். பிட்ஸ்பர்க் நகரின் டஃப் நிறுவனம் கேக் மாவுக்கு 1930களிலேயே காப்புரிமை பெற்றது. பெண்கள் புது முட்டையையே விரும்புகிறார்கள் என்று கண்டு உலர்முட்டையை அப்போதே விலக்கியும் பார்த்தது. டிக்டர் வந்தது பிறகு. புது முட்டை போட்டால் கேக் நன்றாக வரும் என்பதே எளிய காரணம். அதைப் பெண்ணின் குற்றவுணர்வாக மாற்றிச் சொல்வதில் ஆண்களுக்கு ஏதோ ஒரு சுகம் இருக்கிறது.

இவ்வளவும் சொன்னதால் டப்பாக்களின் பிரசாரகர்கள் என்று எங்களை நினைத்துவிட வேண்டாம். நண்பர் சண்டை போட்டிருக்க வேண்டிய இடம் வேறு. டூட்டி புரூட்டி என்ற இத்தாலியச் சொல்லுக்கு எல்லாப் பழங்களும் என்று பொருள். உள்ளே இருப்பது பழுக்காத பப்பாளிக் காய், சீனிப் பாகு, சாயம். தமிழ்நாட்டில் பப்பாளிக் காயைக் கீறிப் பால் எடுத்து, அதிலிருந்து பப்பைன் ஆக்குவது ஒரு தொழில்; பால் எடுத்தபின் தழும்போடு நிற்கும் காய்கள் வீணாகாமல் இப்படிச் சிவப்பும் பச்சையுமாக மாறுகின்றன. இதில் எங்களுக்கு வருத்தமில்லை. கழிவென்று எறியாமல் காசாக்குவது புத்திசாலித்தனம். ஆனால் பொட்டலத்தின்மேல் செர்ரியும் திராட்சையும் அச்சிட்டிருப்பது பொய். அன்னாசி எசன்சின் கதையும் இதுவே. அதன் மணத்துக்கு முதன்மையான எத்தில் பியூட்டிரேட், கெட்டுப்போன வெண்ணெயில் நாறுகிற அமிலத்தையும் சாராயத்தையும் சேர்த்து ஆக்கப்படுவது. 1851ஆம் ஆண்டு லண்டன் பெருங்கண்காட்சியிலேயே இத்தகைய செயற்கைப் பழ மணங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. அதே பொருள் உண்மையான அன்னாசியிலும் உண்டு, வேறு பல பொருட்களோடு கலந்து. எனவே அதை நஞ்சு என்று கூவுவதும் சரியல்ல. பழமே இல்லாத பொட்டலத்தின்மேல் பாதியாக அறுத்த அன்னாசியை வண்ணத்தில் போட்டுவிட்டு, செயற்கை மணமூட்டி என்பதைப் பின்பக்கம் எறும்பெழுத்தில் ஒளித்துவைப்பதுதான் அயோக்கியத்தனம். நண்பரின் கோபம் விற்கிறவன்மேல் பாயாமல் வாங்குகிறவள்மேல் பாய்ந்தது. வாங்குகிறவள் கதவருகே நின்றிருந்தாள். விற்கிறவன் அங்கே இல்லை. ஒருவேளை அதுதான் காரணமோ என்னவோ.

அந்தப் பெண்மணியிடம் நாங்கள் போய்ப் பேசினோம். மன்னிப்புக் கேட்டபோது அவருக்குச் சங்கடமாகிவிட்டது. "அவுக சொன்னதுல என்னண்ணே, அடி கொஞ்சம் தீஞ்சுதான் போச்சு, மணல் பத்தலை" என்றார். அடுத்த மாதக் கூட்டத்துக்கு இரண்டு கேக் சொல்லி முன்பணம் கொடுத்திருக்கிறோம். மணலும் நாங்களே கொண்டுபோய்க் கொடுப்பதாக ஏற்பாடு. நண்பருக்குக் கேக் வேண்டாமென்றால் ரங்கூன் புட்டு தனியாக இருக்கும். அது அவருடைய கொள்கைக்கு உகந்ததுதானா என்பதை அவரே முடிவு செய்துகொள்ளட்டும்.