கடலுக்குப் போனவர் ‘இடம்பெயர்ந்தவர்’ ஆவாரா? உவரிக் கரையில் இருந்து வாக்காளர் பட்டியலைப் பார்த்தால்...

49 ஓட்டு. ராதாபுரம் தொகுதியில் இந்த எண்ணைச் சொன்னால் போதும், மீதிக் கதையை எதிரில் இருப்பவரே சொல்லிவிடுவார். 2016 சட்டப்பேரவைத் தேர்தலில் அதிமுகவின் ஐ.எஸ்.இன்பதுரைக்கும் திமுகவின் மு.அப்பாவுக்கும் இருந்த வித்தியாசம் அவ்வளவுதான். பள்ளித் தலைமை ஆசிரியரின் சான்றொப்பம் செல்லாது என்று ஒதுக்கப்பட்ட 203 தபால் ஓட்டுகளை வைத்து வழக்கு நடந்தது. 2019 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்திலேயே மறு எண்ணிக்கையும் நடந்தது. முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அந்தச் சட்டப்பேரவையின் காலம் முடியும்வரை அது வெளியே வரவே இல்லை. 2021-ல் அதே இருவர் மீண்டும் மோதினார்கள். அப்பாவு ஜெயித்துப் பேரவைத் தலைவரானார். அப்போதும் வித்தியாசம் ஆறாயிரத்துக்குள்தான்.

இந்தத் தொகுதியின் கடற்கரையில் இருக்கிறது உவரி. அந்தோணியார் கோயிலுக்கும் சுயம்புலிங்க சுவாமி கோயிலுக்கும் வெளியூர்க்காரர்கள் வந்து குவியும் ஊர். ஊர்க்காரர்களில் பலருக்கோ பிழைப்பு வெளியில்தான். உள்ளூர்க் கடலில் நாட்டுப்படகில் போகிறவர்கள் ஒருபுறம். கேரளத் துறைமுகங்களில் தங்கித் தொழில் செய்பவர்கள், வளைகுடா நாடுகளில் மீன்பிடிப் படகு ஏறியவர்கள் இன்னொருபுறம். கூடுதாழையில் தொடங்கி இடிந்தகரை, கூட்டப்புளி வரை நெல்லைக் கடற்கரை முழுக்க இதே நிலைதான். 2020 ஜூலை 1-ல் ஈரானில் இருந்து 687 பேரை ஏற்றிக்கொண்டு ‘ஐஎன்எஸ் ஜலஷ்வா’ தூத்துக்குடிக்கு வந்தது நினைவிருக்கலாம். அதில் வந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டு மீனவர்கள். 2024 செப்டம்பரில் பஹ்ரைன் கடலோரக் காவல் படையிடம் பிடிபட்ட 28 பேரும் நெல்லைக் கடற்கரைக்காரர்கள்தான்.

இப்படிப்பட்ட ஊரில், வீட்டுக்கு வந்து “ஆள் இருக்காரா?” என்று கேட்டு எழுதும் ஒரு கணக்கெடுப்பு என்ன விளைவைத் தரும்? டிசம்பர் 19-ல் வெளியான வரைவு வாக்காளர் பட்டியலைப் பார்க்கும்போது எழ வேண்டிய முதல் கேள்வி இது.

97 லட்சம் எப்படி வந்தது?

எஸ்ஐஆர் எனப்படும் சிறப்புத் தீவிரத் திருத்தத்தைத் தமிழ்நாட்டில் நடத்தப்போவதாகத் தேர்தல் ஆணையம் அக்டோபர் 27-ல் அறிவித்தது. நவம்பர் 4-ல் தொடங்கிய படிவ விநியோகம், கெடு நீட்டிக்கப்பட்டு டிசம்பர் 14 வரை நடந்தது. நடுவில் வடகிழக்குப் பருவமழை. அக்டோபரில் 6.41 கோடியாக இருந்த வாக்காளர் எண்ணிக்கை, வரைவுப் பட்டியலில் 5.43 கோடியாகிவிட்டது. நீங்கிய பெயர்கள் 97.37 லட்சம். சென்னையில் மட்டும் 14 லட்சத்துக்கும் மேல். திருநெல்வேலி மாவட்டத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேல்.

இதில் 26.94 லட்சம் பேர் இறந்தவர்கள். 3.39 லட்சம் இரட்டைப் பதிவு. இவை நீங்கியதில் யாருக்கும் வருத்தம் இருக்க முடியாது. செத்தவர் பெயரில் ஓட்டு விழுந்த கதைகள் எல்லா ஊரிலும் உண்டு. பட்டியலைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று எல்லாக் கட்சிகளும் ஏதோ ஒரு காலத்தில் கேட்டவைதான்.

சிக்கல் இன்னொரு 66.44 லட்சத்தில் இருக்கிறது. ‘இடம்பெயர்ந்தவர்கள், முகவரியில் இல்லாதவர்கள்’ என்று இரண்டு வகையினரையும் ஒரே கூடையில் போட்டிருக்கிறார்கள். வீட்டைக் காலி செய்துவிட்டுக் குடும்பத்தோடு திருப்பூருக்குப் போனவரும், ஆறு மாதம் கடலில் இருந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பப் போகிறவரும் இதில் ஒன்றுதான். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1950-ம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20-வது பிரிவு, தற்காலிகமாக ஊரில் இல்லாத ஒரே காரணத்தால் ஒருவர் அந்த ஊரில் ‘சாதாரணமாக வசிப்பவர்’ என்ற தகுதியை இழப்பதில்லை என்கிறது. கடலுக்குப் போனவர் ஊரை விட்டுப் போனவர் இல்லை என்பதுதான் இதன் பொருள்.

கணக்கெடுப்புக் கட்டத்தில் இதற்கு வழியும் இருந்தது. வெளியில் இருப்பவருக்காகக் குடும்பத்தில் வயதுவந்த ஒருவர் உறவுமுறையைக் குறிப்பிட்டுக் கையெழுத்துப் போடலாம். இந்த விவரம் தெரிந்த வீட்டில் பெயர் தப்பித்தது. “அவரு வந்ததும் எழுதித் தாறோம்” என்று படிவத்தை அலமாரியில் வைத்த வீட்டில் தப்பவில்லை. ஒரே தெருவில், ஒரே படகில் போகும் இருவரில் ஒருவருக்குப் பெயர் இருந்து மற்றவருக்கு இல்லாமல் போக இவ்வளவு போதும்.

ஊர்வலமா, படிவமா?

எஸ்ஐஆரைத் திமுகவும் அதன் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தன; நவம்பர் 2-ல் அனைத்துக் கட்சிக் கூட்டம் நடந்தது, உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் போயின. தவெகவும் எதிர்த்துப் போராட்டம் நடத்தியது. அதிமுகவும் பாஜகவும் வரவேற்றன. அரசியல் நிலைப்பாடு எதுவானாலும், களத்தில் எல்லோரும் செய்யவேண்டியிருந்த வேலை ஒன்றுதான்: பாக முகவர்களை அனுப்பிப் படிவங்களை வாங்குவது.

இந்த இடத்தில் பீகார் அனுபவத்தைப் பார்த்தாக வேண்டும். அங்கே ஆகஸ்ட் 1-ல் வந்த வரைவுப் பட்டியலில் 65 லட்சம் பெயர்கள் இல்லை. ஆட்சேபம் தெரிவிக்க ஒரு மாதம். அதே மாதத்தில்தான், ஆகஸ்ட் 17 முதல் செப்டம்பர் 1 வரை, ராகுல் காந்தியும் தேஜஸ்வி யாதவும் ‘வாக்காளர் அதிகார யாத்திரை’ நடத்தினார்கள். ஊர் ஊராகக் கூட்டம் கூடியது. ஆனால் கட்சி முகவர்கள் வழியாகத் தேர்தல் அலுவலர்களுக்கு வந்த மனுக்கள் சொற்பம். ஆகஸ்ட் 22-ல் உச்ச நீதிமன்றம் இதைப் பார்த்து ஆச்சரியம் தெரிவித்து, 12 கட்சிகளையும் வழக்கில் சேர்த்து, மக்களுக்கு உதவும்படி முகவர்களுக்கு அறிவுறுத்தச் சொன்னது. நீக்கப்பட்டவர் பெயர்களைக் காரணத்தோடு வெளியிட வைத்ததும் அந்த நீதிமன்றத்தின் ஆகஸ்ட் 14 உத்தரவுதான். யாத்திரை அதற்குப் பிறகுதான் கிளம்பியது. நவம்பர் தேர்தலில் தேசிய ஜனநாயகக் கூட்டணி 243-ல் 202 இடங்களைப் பிடித்தது. தோல்விக்குப் பல காரணங்கள் இருக்கலாம். பட்டியல் மட்டும்தான் காரணம் என்றால் அது சமாதானம். என்றாலும் மேடைக்குப் போன உழைப்பில் பாதி வாக்குச்சாவடிக்குப் போயிருந்தால் என்ற கேள்வி நிற்கிறது.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துக் கதை வேறு மாதிரி. இனப்பாகுபாட்டு வரலாறு உள்ள மாநிலங்கள் தேர்தல் விதிகளை மாற்றும் முன் மத்திய அரசின் ஒப்புதல் பெற வேண்டும் என்ற ஏற்பாட்டை, 2013-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் செயலிழக்கச் செய்தது. 1965-ன் வாக்குரிமைச் சட்டத்துக்கு விழுந்த பெரிய அடி அது. 2017-ல் ஜார்ஜியாவில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் ஒரே மூச்சில் நீக்கப்பட்டன. அடுத்த ஆண்டு ஆளுநர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் ஸ்டேசி ஏப்ரம்ஸ் சுமார் 55 ஆயிரம் ஓட்டில் தோற்றார். அவரும் மற்ற கறுப்பினப் பெண் அமைப்பாளர்களும் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்கியிருந்த வேலையைத் தொடர்ந்தார்கள்: வீடு வீடாகப் போய்ப் பெயர் சேர்ப்பது. 2020-ல் அதே மாநிலத்தில் ஜோ பைடன் 11,779 ஓட்டில் ஜெயித்தார். இந்த வெற்றியைக் கதவு தட்டியவர்களின் கணக்கில் மட்டும் எழுதுவது வழக்கம். முழு உண்மை அதுவல்ல. ஓட்டுநர் உரிமம் எடுக்கும்போதே வாக்காளராகத் தானாகப் பதிவாகும் முறை 2016-ல் அங்கே வந்துவிட்டது. சேர்ப்பது அரசின் வேலையாக இருக்கும்போது எத்தனை எளிது என்பதற்கு அதுவும் சாட்சி.

இந்தியாவில் எப்போதுமே அது அரசின் வேலையாகத்தான் இருந்தது. எஸ்ஐஆர் அதைத் திருப்பிப் போட்டிருக்கிறது: ஏற்கெனவே பல தேர்தல்களில் வாக்களித்தவரும் படிவம் எழுதிக் கொடுத்தால்தான் பெயர் நிலைக்கும்.

முகவர் யாரைத் தேடிப் போவார்?

தமிழ்நாட்டுக் கட்சிகள் இந்த விஷயத்தில் பீகார் கட்சிகளைவிடச் சுறுசுறுப்பு என்பதில் சந்தேகமில்லை. மாநிலம் முழுக்க இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பாக முகவர்கள் பதிவாகியிருந்தார்கள். எஸ்ஐஆர் பேச்சு வரும் முன்பே, ஜூலையில், ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் 30 சதவீத வாக்காளர்களை உறுப்பினராக்கும் இலக்கோடு திமுக ‘ஓரணியில் தமிழ்நாடு’ இயக்கத்தைத் தொடங்கியிருந்தது. பூத் வேலை நம் கட்சிக்காரர்களுக்கு ரத்தத்தில் ஊறியது.

ஆனால் பூத் வேலைக்கு ஒரு குணம் உண்டு. அது ஓட்டைத் தேடிப் போகும். வாக்காளரைத் தேடிப் போகாது. நம்ம வீடு, எதிர்க்கட்சி வீடு, ‘பேசிப் பாக்கலாம்’ வீடு என்று முகவர் கையில் மனக்கணக்கு இருக்கும். வளைகுடாவில் இருப்பவர் தேர்தலன்று வந்து ஓட்டுப் போடப் போவதில்லை என்று தெரிந்தால், அவர் பெயருக்காக எந்தக் கட்சியின் முகவரும் மெனக்கெட மாட்டார். அவருக்குத் தபால் ஓட்டும் கிடையாது. ராணுவத்தினருக்கு உண்டு, தேர்தல் பணியாளருக்கு உண்டு, 85 வயதைக் கடந்தவருக்கும் மாற்றுத்திறனாளிக்கும் உண்டு. கடலில் இருக்கும் மீனவருக்கு இல்லை. வெளிநாட்டில் வேலை செய்பவர் படிவம் 6ஏ கொடுத்துப் பாஸ்போர்ட் முகவரியில் பெயரைச் சேர்க்கலாம் என்று 2010-ல் சட்டம் திருத்தப்பட்டது. வாக்களிக்க மட்டும் அசல் பாஸ்போர்ட்டோடு நேரில் வர வேண்டும். மீன்பிடித் தொழிலாளி எவர் ஒரு ஓட்டுக்காக விமானம் ஏறுவார்?

அதனால் கடற்கரையில் இந்த வேலையை ஊர் அமைப்புகள் கையில் எடுப்பதுதான் சரி. மீனவக் கிராமங்களில் ஊர்க் கமிட்டி இருக்கிறது. பங்குகளில் அன்பியங்கள் இருக்கின்றன. எந்த வீட்டில் எத்தனை பேர், யார் எந்தக் கரையில், எப்போது வருவார் என்பது அவர்களுக்குத் தெரியும். வாக்குச்சாவடி அலுவலரிடம் உள்ள நீக்கப்பட்டோர் பட்டியலை ஒரு மாலை வாசித்தால், இறந்தவர் யார், போனவர் யார், திரும்புகிறவர் யார் என்று அங்கேயே பிரித்துவிடலாம். மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கும் இது முடியும். கட்சிச் சாயம் இல்லாததால், எல்லா வீட்டுப் பெயரும் அதில் வரும்.

சதவீதம் ஏறும்; ஏமாந்துவிடக் கூடாது

வரும் தேர்தலில் தமிழ்நாட்டின் வாக்குப்பதிவு சதவீதம் உயரும் என்று இப்போதே சொல்லிவிடலாம். ஜோசியம் தேவையில்லை, வகுத்தல் போதும். 2021-ல் ஏறத்தாழ 4.6 கோடிப் பேர் வாக்களித்தார்கள். அது 73 சதவீதத்தை ஒட்டி வந்தது. அதே 4.6 கோடியை வரைவுப் பட்டியலின் 5.43 கோடியால் வகுத்தால் 84 சதவீதத்தைத் தாண்டும். ஒரு ஆள்கூடக் கூடுதலாக வரிசையில் நிற்காமலே பத்து சதவீதம் ஏறிவிடும். இறுதிப் பட்டியலில் பெயர்கள் சேரும்போது இந்தக் கணக்கு மாறும், ஏற்றம் மாறாது.

பீகாரில் இந்த முறை 66.91 சதவீதம் என்ற வரலாறு காணாத பதிவு. அங்கே நிஜமாகவே முன்பைவிட அதிகம் பேர் வந்து வாக்களித்தார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் விழுந்த ஓட்டுகளை ஜூனில் இருந்த 7.89 கோடி வாக்காளர்களை வைத்து வகுத்தால் சதவீதம் 63-ஐ ஒட்டித்தான் நிற்கும். பெண்கள் 71.6, ஆண்கள் 62.8 என்பது இன்னொரு செய்தி. பிழைப்புக்கு ஆண்கள் வெளியேறும் ஊர்களில் வரிசையில் யார் நிற்பார்கள் என்பதை உவரிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

என்ன செய்யலாம்?

பெயர் இல்லாதவர் படிவம் 6-ஐ உறுதிமொழிப் படிவத்தோடு தர வேண்டும். இதில் ஒரு வேடிக்கை: படிவம் 6 புதிய வாக்காளருக்கானது. இருபது வருடமாக ஓட்டுப் போட்டவரும் ‘புதியவர்’ கணக்கில்தான் வருவார். பின்னால் “இத்தனை லட்சம் புதிய வாக்காளர்கள்” என்ற செய்தி வரும்போது இதை நினைவில் வைப்பது நல்லது. தொகுதிக்குள்ளோ வெளியிலோ வீடு மாறியிருந்தால் படிவம் 8. வேறு ஒருவர் பெயருக்கு ஆட்சேபம் என்றால் படிவம் 7.

கணக்கெடுப்பில் வீட்டம்மா கையெழுத்துப் போட்டது போல இனி முடியாது. படிவம் 6-ல் உறுதி சொல்பவர் விண்ணப்பதாரரே. கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் பொங்கலுக்கும் ஊர் வந்திருப்பவர்கள் திரும்பும் முன் இதை முடித்துவிட வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம். பெயர் இருப்பவர்களும் நிம்மதியாக உட்கார முடியாது. 2002, 2005-ம் ஆண்டுத் திருத்தப் பட்டியல்களோடு தன்னுடையதையோ பெற்றோருடையதையோ இணைத்துக் காட்டாதவர்களுக்கு விசாரணை நோட்டீஸ் வரலாம். 1987 ஜூலை 1-க்கு முன் பிறந்தவர் தனக்கான ஆவணம் ஒன்றைக் காட்டினால் போதும். அதற்குப் பின் பிறந்தவரிடம் பெற்றோர் தொடர்பான ஆவணமும் கேட்பார்கள். ஆதாரை அடையாளத்துக்கு ஏற்பார்கள், குடியுரிமைக்கு ஏற்க மாட்டார்கள். நோட்டீஸ் வரும் நாளில் ஆள் கடலில் இருந்தால் வீட்டில் உள்ளவர் அதை வாங்கி வைத்துவிட்டு மறந்துவிடக் கூடாது. விசாரணை நாள் தாண்டினால் இருந்த பெயரும் போகும்.

பதிவு அலுவலரின் முடிவு பாதகமாக வந்தால் 15 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். அங்கும் தோற்றால் 30 நாளுக்குள் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் போகலாம். இறுதிப் பட்டியல் வந்த பிறகும், வேட்புமனு தாக்கலின் கடைசி நாள்வரை பெயர் சேர்க்கச் சட்டம் இடம் தருகிறது. விண்ணப்பத்தைப் பரிசீலிக்கவும் நாள் பிடிக்கும் என்பதால், அந்தக் கடைசி நாளை நம்பிப் படகு ஏறுவது உசிதமில்லை.