சப்பாத்தி வேண்டும், சுட்டவர் வேண்டாம்

2019 ஜூலையில் திருச்சூரை அடுத்த விய்யூர் மத்தியச் சிறை, ஸ்விக்கி வழியாக மதியச் சாப்பாடு விற்க ஆரம்பித்தது. விலை 127 ரூபாய். பிரியாணிச் சோறு, கோழிக்கால் ஒன்று, மூன்று சப்பாத்தி, ஊறுகாய், சாலட், கப் கேக், ஒரு பாட்டில் தண்ணீர். விரித்துச் சாப்பிட வாழையிலையும் உள்ளேயே மடித்து வைத்திருந்தார்கள். சமைத்தவர்கள் கைதிகள். செய்தி வந்ததும் நமக்கெல்லாம் ஒரே பூரிப்பு. ‘இதல்லவா சீர்திருத்தம்’ என்று ஆளுக்கு நாலு வரி எழுதினோம். கேரளச் சிறைகள் அதற்கும் பல வருடம் முன்பே இரண்டு ரூபாய்க்கு ஒரு சப்பாத்தி விற்று, ஜனங்களை வரிசையில் நிற்க வைத்திருந்தன. டெல்லியில் திகார் சிறைக்கு ‘டிஜே’ஸ்’ என்ற பெயரில் பேக்கரிப் பண்டங்கள் உண்டு. 2014-இல் சிறை வளாகத்தையொட்டி உணவகமே திறந்தார்கள். நம் ஊரிலும் சிறை அங்காடி இருக்கிறது. ‘ஃப்ரீடம்’ என்ற முத்திரையோடு விற்கும் ரொட்டியையும் பிஸ்கட்டையும் நாம் வாங்காமல் இல்லை. மலிவு, சுத்தம் என்ற இரண்டு காரணங்களுக்காக வாங்கினோம். அதில் தப்பில்லை. கருணைக்காக யாரும் ரஸ்க் வாங்குவதில்லை.

சறுக்கியது அதற்கு அடுத்த இடத்தில். அந்தச் சப்பாத்தியைச் சுட்டவர் ஒருநாள் தண்டனை முடிந்து வெளியே வந்தார். நம்மில் பலர் அவர் வந்ததையே கவனிக்கவில்லை. கவனித்தவர்கள் கதவைச் சாத்தினோம்.

சிறைச் சமையற்கட்டில் கை பழகியவருக்கு என்ன தெரியும் என்பது தொழில்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். நாலு பேருக்கு ருசியாகச் சமைப்பது ஒரு கை. ஆயிரம் பேருக்கு ஒரே பதத்தில், மணி தவறாமல் இறக்குவது வேறு கை. வீட்டுச் சாம்பாருக்குப் போடும் உப்பையும் புளியையும் அப்படியே ஆள்கணக்கால் பெருக்கிப் போட்டால் வாயில் வைக்க முடியாது. அண்டாவில் கொதிக்கும் குழம்பு அடுப்பை அணைத்த பிறகும் தன் சூட்டிலேயே வெந்துகொண்டிருக்கும். கத்தரிக்காய் முக்கால் பதத்தில் இருக்கும்போதே இறக்கத் தெரியாதவன் கூழைத்தான் பரிமாற வேண்டும். அரிசி பழசா புதுசா என்று பார்த்து உலைத் தண்ணீரைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். பொழுது விடியும் முன் எழுந்து, லீவு என்ற பேச்சே இல்லாமல் வருடக்கணக்கில் இதைச் செய்தவர்கள் அவர்கள். கல்யாணச் சமையல் காண்ட்ராக்டரும் காலேஜ் ஹாஸ்டல் மெஸ்காரரும் இப்படிப்பட்ட ஆளைத்தான் தேடி அலைகிறார்கள். ‘ஆள் கிடைக்கல, ஆள் கிடைக்கல’ என்று புலம்பி, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பையன்களை ரயிலேற்றி அழைத்து வந்து, வெங்காயம் வெட்டுவதிலிருந்து கற்றுக்கொடுக்கிறார்கள்.

வேலை கேட்டு வருகிறவரிடம் நடக்கும் பேச்சைத் திருநெல்வேலிப் பக்கத்து ஓட்டல் ஒன்றில் வைத்துக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

“முன்னாடி எங்கடே வேல பாத்த?”

“பாளையங்கோட்டையில, அண்ணாச்சி. எட்டு வருசம்.”

“பாளையங்கோட்டையில எந்தக் கடையில?”

அதற்கு வந்தவர் சொல்லும் பதிலோடு பேச்சு முடிந்துவிடும். “நம்பரைக் குடுத்துட்டுப் போ, சொல்லி அனுப்புதேன்” என்பார் அண்ணாச்சி. சொல்லி அனுப்ப மாட்டார்.

அண்ணாச்சியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. அவர் பயப்படுவது நம்மைப் பார்த்துத்தான். ‘அந்தக் கடையில ஜெயிலுக்குப் போனவன் சமைக்கானாம்’ என்று தெருவில் ஒரு பேச்சுக் கிளம்பினால் போதும், மறுவாரம் பாதி மேசை காலி. சிறை வாசல் கவுண்டரில் வரிசையில் நின்று வாங்கித் தின்ற அதே வாய்கள்தான் இதைப் பேசும். அங்கே மதில் இருந்தது, காவலர் இருந்தார், அதனால் பிரியாணி இறங்கியது. வெளியே வந்தவருக்கு வாடகைக்கு ஒரு அறை கொடுக்காத வீட்டுக்காரரும் நாமே. அபார்ட்மெண்ட் சங்கக் கூட்டத்தில் ‘சமையலுக்கு வர்றவங்க எல்லாருக்கும் போலீஸ் வெரிஃபிகேஷன் கட்டாயம்’ என்று தீர்மானம் போட்டுக் கைதட்டியவர்களும் நாமே. உணவுப் பாதுகாப்பு விதிகள் சமையல்காரரிடம் கேட்பது மருத்துவத் தகுதிச் சான்று. வழக்கு விவரத்தைக் கேட்பது நம் சொந்தச் சேர்க்கை.

பெண்கள் நிலைமை இன்னும் மோசம். ஜெயிலுக்குப் போய் வந்த ஆணுக்காவது திரும்பிப் போக ஒரு வீடு பெரும்பாலும் இருக்கும். பெண்ணுக்குப் பல சமயம் அதுவும் இருக்காது. 2023-இல் புழலில் பெண் கைதிகளே நடத்தும் பெட்ரோல் பங்க் திறந்தபோது படம் போட்டோம். அங்கே வேலை பழகியவர்கள் விடுதலைக்குப் பிறகு எங்கே போனார்கள் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்?

பத்திரிகையில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு கணக்கும் பாக்கி இருக்கிறது. தீபாவளி வந்தால் சிறையில் இனிப்பு செய்வதைப் படம் எடுப்போம். பொங்கலுக்குக் கரும்போடு ஒரு படம். ஆனால் அந்தச் சமையற்கட்டில் கரண்டி யார் கையில் இருந்தது என்ற கேள்வி நமக்கு வரவில்லை. ராஜஸ்தானின் 1951-ஆம் ஆண்டு சிறை விதிகளில், சமையல்காரராக நியமிக்கப் பிராமணரோ போதிய அளவு உயர்ந்த சாதி இந்துவோ தகுதியானவர் என்று எழுதி வைத்திருந்தார்கள். மேற்கு வங்க விதியிலும் ‘பொருத்தமான சாதி’க் கைதிகள் சமைக்க வேண்டும் என்று இருந்தது. கூட்டிப் பெருக்கவும் கக்கூஸ் கழுவவும் வேறு சாதிகள். இதைத் தோண்டி எடுத்து 2020-இல் எழுதியவர் சுகன்யா சாந்தா என்ற பத்திரிகையாளர். அவர் போட்ட வழக்கில்தான் 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விதிகளைச் செல்லாது என்றது. பதிவேட்டில் சாதிக் கட்டத்தையே எடுக்கச் சொன்னது. நம் பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாகப் பிரித்து அடைத்த விவகாரமும் அந்தத் தீர்ப்பில் பேசப்பட்டிருக்கிறது. பாளையங்கோட்டை நமக்குக் கூப்பிடு தூரம். அங்கே நடப்பது ஊருக்கே தெரியும். ‘கலவரம் வரக் கூடாதுன்னுதானே’ என்று நாமும் தலையாட்டிக்கொண்டிருந்தோம்.

பயிற்சி என்று நாம் மெச்சியதே எத்தனை பேருக்குக் கிடைத்தது என்பதையும் பார்த்துவிடலாம். 2022 கடைசியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நூற்றுக்கு எழுபத்தைந்துக்கும் மேல். தண்டனைக் கைதிகளை மனதில் வைத்துப் போட்ட வேலைத் திட்டத்தில் இவர்களுக்குப் பெரும்பாலும் இடமில்லை. வருடக்கணக்கில் சும்மா உட்கார வைக்கப்பட்டு, வந்த கையோடு திரும்புகிறார்கள்.

கைதி வெளியே வந்த பிறகும் அவர் கூடவே நடக்க முடியும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. இங்கிலாந்தில் சர்ரே பகுதியிலுள்ள ஹை டவுன் சிறையில், அங்கே சமையல் பொறுப்பாளராக இருந்த ஆல்பர்ட்டோ கிரிஸ்ஸி 2009-இல் ‘கிளிங்க்’ என்ற உணவகத்தைச் சிறைக்குள்ளேயே தொடங்கினார். பொதுமக்கள் செல்போனை வாசலில் கொடுத்துவிட்டு உள்ளே போய், பிளாஸ்டிக் கத்தியால் வெட்டிச் சாப்பிடுவார்கள். விடுதலைக்கு ஆறு முதல் பதினெட்டு மாதம் இருக்கும் கைதிகளைத்தான் பயிற்சிக்குச் சேர்ப்பார்கள். வெளியே வந்ததும் ஓட்டல் வேலை பார்த்துக் கொடுப்பதும், அதன் பிறகு வழிகாட்டி ஒருவர் தொடர்ந்து சந்தித்து வருவதும் பயிற்சியின் பகுதியே. தங்க இடம் கிடைத்ததா, சம்பளம் ஒழுங்காக வருகிறதா என்றெல்லாம் அவர் பார்த்துக்கொள்வார். நம்மிடமும் தமிழ்நாடு சிறை மீண்டோர் நலச் சங்கம் என்று ஒன்று இருக்கிறது. அதன் பெயரை இப்போதுதான் முதல்முறை கேட்கிறோம் என்றால், அந்த வெட்கம் சங்கத்துக்கு மட்டும் உரியதல்ல.

‘அவன் கையால் செத்தவன் வீட்டைப் பற்றி யோசித்தாயா’ என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். கைதிகளின் கூலி பற்றிய குஜராத் வழக்கொன்றில் 1998-இல் உச்ச நீதிமன்றம், கைதிகளுக்கு நியாயமான கூலி தர வேண்டும் என்றபோதே, அதில் ஒரு பங்கைப் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஒதுக்கவும் சொன்னது. தமிழ்நாட்டிலும் அப்படிப் பிடித்து வைக்கிறார்கள். ஆனால் வெளியே வந்தவரைப் பட்டினி போடுவதால் அந்த வீட்டுக்கு ஒரு காசும் போய்ச் சேரப்போவதில்லை.

இனியாவது ஓட்டல்காரர்களும் மண்டபக்காரர்களும் கூப்பிடுவதாக இருந்தால் ஒன்றை முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது. ‘முதல்ல பாத்திரம் கழுவட்டும், அப்புறம் பாக்கலாம்’ என்ற பெருந்தன்மை வேண்டாம். எட்டு வருடம் அண்டா இறக்கியவர் மாஸ்டர். மாஸ்டர் சம்பளம்தான் கேட்பார். முகூர்த்த நாளென்றால் பேட்டாவும் சேர்த்து.